பெயர்ப்பலகை இல்லாத பட்டறையில் அடித்த கத்தி

தக்கலையில் இருந்து குலசேகரம் போகும் சாலையில், ஒரு மரக்கடையை ஒட்டி, ஓடு வேய்ந்த சின்னக் கொல்லுப்பட்டறை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் நிற்கும் வேப்பமரமும், அதன் அடியில் குவிந்து கிடக்கும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டைகளும்தான் அடையாளம். போன வருடம் ஏப்ரலில் அங்கே ஒரு கத்தி அடிக்கச் சொல்லி வாங்கினேன். விலை 700 ரூபாய். அதை வீட்டு மண்ணிலும் வெளிநாட்டு மண்ணிலும் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் கடந்துவிட்டன. இனி அதைப் பற்றி எழுதலாம்.

நான் ரப்பர் பால் வெட்டியவள். 27 வருடம் விடியும் முன்பே தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போன கை இது. பால் வெட்டுகிறவர்களுக்குக் கத்தியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டையை ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாகச் சீவக் கூடாது. உள்ளே இருக்கும் வளர்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்பே கத்தி நின்றுவிட வேண்டும். படலத்தில் பட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. கத்தி மழுங்கியிருந்தால் கை அழுத்தும், அழுத்தினால் ஆழம் தப்பும். அதனால் கூர்மை என்பது எனக்கு வேலையின் பாதி. புதுக் கத்தி கைக்கு வந்தால் முதலில் பெருவிரல் நகத்தில் சாய்த்து வைத்துப் பார்ப்பேன். வழுக்காமல் பிடித்தால் அது கத்தி.

வேலையை விட்ட பிறகு வீட்டைச் சுற்றி இருக்கும் 20 சென்ட்டில் மஞ்சள், கூவைக்கிழங்கு, காச்சில், நாலைந்து மூடு மட்டி வாழை, கிணற்றடியில் வழியும் ஈரத்தில் வசம்பு என்று வைத்திருக்கிறேன். எல்லாம் தோண்டிப் பிரித்து மறுபடி நடுகிற பயிர்கள். இதற்கென்று இணையத்தில் ஒரு கத்தி வாங்கினேன். கண்ணாடி போலப் பளபளத்தது, கைப்பிடியில் சிவப்பு ரப்பர். மூன்றாவது வாழைக்கன்றைத் தாய்மூட்டில் இருந்து பிரிக்கும்போதே நுனி வளைந்துவிட்டது. வளைந்ததை நிமிர்த்தினேன், அடுத்த நாள் மறு பக்கம் வளைந்தது. திருப்பி அனுப்பலாம் என்றால், பயன்படுத்திய பொருளை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். பயன்படுத்தாமல் ஒரு கத்தி வளையும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அந்த ஆதங்கத்தோடுதான் பட்டறைக்குப் போனேன்.

ஏப்ரல் மாதம் அங்கே போகக் கூடாத மாதம். ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துத் துளிர்த்து, வெட்டு மறுபடி தொடங்குகிற நேரம். பால்வெட்டுக் கத்தியோடு பத்துப் பேராவது வரிசையில் இருந்தார்கள். இடையில் ஒரு பனையேறி, பாளை அரிவாளுக்குப் புதுக் காம்பு வைக்க வந்திருந்தார். நான் ஒன்றரை மணி நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பக்கத்துக்கும் இரும்புக்கும் பழைய உறவு. பஸ்ஸில் வரும் வழியில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை மதில் தெரிந்தது. 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் சிறைப்பட்டு, பிறகு அவருக்கே படைத்தலைவர் ஆன டச்சுக் கம்பெனி அதிகாரி டி லனாய் பீரங்கி வார்த்த உலை அந்தக் கோட்டைக்குள்தான் இருந்தது. அவருடைய கல்லறையும் அங்கேதான். பீரங்கி உலை அணைந்து எத்தனையோ காலம் ஆயிற்று; இந்தச் சின்ன உலை சிரட்டைக் கரியில் இன்னும் எரிகிறது.

என் முறை வந்ததும் பட்டறைக்காரர் முதலில் கேட்டது விலையைப் பற்றியோ நீளத்தைப் பற்றியோ அல்ல. "அக்கா, எதை வெட்டப் போகிறீர்கள்?" என்றார். கிழங்கு, வாழைக்கன்று என்றேன். பிறகு, மகளின் பேறுகாலத்துக்குக் கனடா போகிறேன், அங்கே அவள் வீட்டில் ஏதோ பூச்செடி கிழங்கு அடைந்து கிடக்கிறதாம், அதையும் பிரித்து நட வேண்டும் என்றேன். "மண்ணோடு வெட்டுவீர்களா, கழுவி வெட்டுவீர்களா? மண்ணில் கல் இருக்குமா?" என்று கேட்டார். கல் இருக்கும் என்று மகள் சொல்லியிருந்தாள்.

பால்வெட்டுக் கத்தி போல மெல்லிய கூர் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அவர் முடியாது என்றார். மரப்பட்டையில் கல் கிடையாது, அதனால் அங்கே கூர் மெலிந்திருக்கலாம். மண்ணுக்குள் போகிற கத்திக்கு அந்தக் கூர் வைத்தால் முதல் கல்லிலேயே பல் விழும் என்றார். நான் விடவில்லை. "அப்படியானால் வேறு பட்டறைக்குப் போங்கள், என் கையால் செய்து பல் விழுந்தால் எனக்கு அசிங்கம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரின் கத்தியை எடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, சரி, உங்கள் இஷ்டப்படி அடியுங்கள் என்றேன். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை வரச் சொன்னார், போனேன், ஆகவில்லை. சனிக்கிழமை போனபோது அடித்து முடித்து, துவைச்சல் போடும், அதாவது சூடாக்கித் தண்ணீரில் தோய்த்து விளிம்புக்கு உறுதி ஏற்றும் கட்டத்தில் இருந்தது. அதைப் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைத்தது என் அதிர்ஷ்டம். உலையில் பழுத்த கத்தியைக் குறட்டால் எடுத்து, முழுவதையும் முக்காமல் விளிம்பை மட்டும் தண்ணீரில் ஓட்டினார். முதுகுப்புறம் செந்தணலாகவே இருந்தது. வெளியே எடுத்ததும் விளிம்பை ஒரு செங்கல் துண்டால் தேய்த்து வெளுப்பாக்கினார். முதுகில் மீந்திருந்த சூடு விளிம்பை நோக்கி ஊர்ந்து வந்தது. அது வரும்போது இரும்பின் நிறம் மாறுகிறது: முதலில் வைக்கோல் நிறம், பிறகு தவிட்டு நிறம், பிறகு கத்தரிப்பூ நிறம், அதன் பின்னால் நீலம். கத்தரிப்பூ நிறம் விளிம்பைத் தொட்ட நொடியில் கத்தியைத் தொட்டிக்குள் அழுத்திவிட்டார். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் கூர் நிற்கும், ஆனால் உடையும். நீலம் வரை விட்டால் உடையாது, ஆனால் மழுங்கும். பால்வெட்டுக் கத்திக்கு அவர் வைக்கோல் நிறத்தில் நிறுத்துகிறாராம். இந்த வித்தியாசத்தை 27 வருடம் அந்தக் கத்தியைப் பிடித்த எனக்கு யாரும் சொன்னதில்லை.

கைப்பிடி புளிய வைரம். கைப்பிடிக்குள் இறங்கும் இரும்புக் காம்பைச் சுடவைத்து, துளைக்குள் அரக்கு உருக்கி இறக்கி, வாயில் பித்தளைப் பூண் போட்டுக் கொடுத்தார். அலகு 17 செ.மீ., முதுகு நல்ல தடிமன், நுனி லேசாக மேல் நோக்கி வளைந்தது. உறை கிடையாது. பழைய சைக்கிள் ட்யூப்பை வெட்டி நானே ஓர் உறை தைத்துக்கொண்டேன்.

வீட்டு வேலையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சித்திரை மழைக்கு மஞ்சள் விதை வெட்டினேன், கூவை பிரித்தேன், வாழைக்கன்று ஆறு எடுத்தேன். வாழைக்கன்றைப் பிரிக்க முன்பெல்லாம் பாரைக்கம்பியை விட்டு நெம்புவேன், பாதிக் கன்று அடிக்கிழங்கு பிளந்துவிடும். இந்தக் கத்தியின் நுனியைத் தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் இறக்கி முதுகில் ஒரு கட்டையால் தட்டினால் போதும், கிழங்கு சதையோடு சுத்தமாகப் பிரிகிறது. நுனி வளையவில்லை.

பிறகு கத்தியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினேன். போகிறவர்கள் கவனிக்க: கைப்பையில் கத்தி வைக்கக் கூடாது, சரக்கில் போடும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். மண் ஒட்டியிருக்கவும் கூடாது, கனடாவுக்குள் வெளிநாட்டு மண் கொண்டுபோக விடமாட்டார்கள். பூணின் இடுக்கில் இருந்த செம்மண்ணைப் பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்து எடுத்தேன்.

மகள் ஒட்டாவாவில் நர்ஸாக இருக்கிறாள். வீட்டின் முன்னால் அந்தச் செடி வசம்பு போலவே வாள் இலையோடு நின்றது. வசம்பு என்றே நினைத்து இலையைக் கசக்கி முகர்ந்தேன், மணமே இல்லை. ஜூன் முதல் வாரம் பூத்தபோது அசந்துபோனேன். மூன்று இதழ்கள் மேலே கூம்பி நிற்கின்றன, மூன்று இதழ்கள் கீழே தொங்குகின்றன. தொங்கும் ஒவ்வோர் இதழின் நடுவிலும் மஞ்சள் கம்பளிப்பூச்சி ஒன்று படுத்திருப்பது போல ஒரு மயிர்க்கோடு. அதனால்தான் தாடி ஐரிஸ் என்று பெயர். ஆனால் அவ்வளவு பெரிய மூட்டில் மொத்தம் ஐந்தே பூந்தண்டுகள். நடுப்பகுதி வெறும் சருகும் வெற்றுக் கிழங்குமாக, வட்டத்தின் ஓரத்தில் மட்டும் உயிர் இருந்தது.

பக்கத்து வீட்டில் எண்பது வயதை நெருங்கும் ஓர் அம்மா இருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல, மகள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எனக்குத் தமிழில் சொன்னாள். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை பிரித்து நட வேண்டிய செடியாம், முன்பு இருந்தவர்கள் தொடவே இல்லை. ஒரு கிழங்கு ஒருமுறைதான் பூக்கும். பூத்த பின் அதன் பக்கங்களில் பிள்ளைக் கிழங்குகள் வைக்கும், அடுத்து பூக்க வேண்டியது அவை. இதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குலை தள்ளிய வாழை மறுபடி குலை தள்ளுமா? தாயை வெட்டிப் போட்டுப் பக்கக் கன்றை வளர்க்கிறோம். மொழி தெரியாத அந்த அம்மாவும் நானும் அதன் பிறகு மகள் இல்லாமலே வேலை செய்தோம்.

காலம் முக்கியம். பூ முடிந்து நாலு முதல் ஆறு வாரம் கழித்து, கடும் உறைபனி விழுவதற்கு ஆறு எட்டு வாரமாவது இருக்கும்போது செய்ய வேண்டும். புதுவேர் மண்ணைப் பிடிக்க அவ்வளவு நாள் தேவை. ஜூலை கடைசி வாரத்தில் தொடங்கினோம். முள்வாரி போன்ற நாலு பல் கருவியைச் சுற்றிலும் ஓர் அடி தள்ளிக் குத்தி மூட்டை மொத்தமாக நெம்பி எடுத்தோம். தண்ணீர் பீய்ச்சி மண்ணைக் கழுவியதும் கிழங்குகள் இஞ்சிக் கொத்துப் போலத் தெரிந்தன.

இங்கேதான் கத்திக்கு உண்மையான சோதனை. நல்ல கிழங்கு கைக்குக் கல் மாதிரி இருக்கும், வெட்டினால் நறுக்கென்று சத்தம் வரும், உள்ளே வெள்ளையாக, ஈரமாக, தேங்காய்ப் பூ நிறத்தில் இருக்கும். பூத்து முடிந்த தாய்க்கிழங்கு பஞ்சு போல லேசாக, சுருங்கி இருக்கும். இரண்டுக்கும் நடுவில் கழுத்துப் போல ஒரு குறுகல். அந்தக் குறுகலில் வெட்டு விழ வேண்டும். மழுங்கிய கத்தி அங்கே நசுக்கும், நசுங்கிய இடத்தில் அழுகல் ஏறும். என் கத்தி நசுக்கவே இல்லை. வெட்டிய முகம் கண்ணாடி போல இருந்ததை அந்த அம்மா விரலால் தடவிப் பார்த்தார். அவருடைய கத்தியை வாங்கி நானும் ஒன்று வெட்டிப் பார்த்தேன். பாதி வெட்டு, பாதி கிழிப்பு.

கல்லும் பட்டது, ஒருமுறை இல்லை, ஏழெட்டு முறை. கழுவிய பிறகும் வேர்களுக்குள் சரளைக்கல் சிக்கிக்கொண்டிருந்தது. நங்கென்று சத்தம் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு பதறியது. வெயிலில் பிடித்துப் பார்த்தால், கூர் கொஞ்சம் மடங்கியிருக்கும், பல் விழுந்திருக்காது. மடங்கியதைக் கல்லில் தேய்த்து நிமிர்த்திவிடலாம், விழுந்த பல்லை என்ன செய்வது? பட்டறையில் நான் கேட்ட கூரை அவர் வைத்துக் கொடுத்திருந்தால் முதல் நாளே கத்தி போயிருக்கும்.

சில கிழங்குகள் அழுகியிருந்தன. நாற்றம் தாங்காது, உள்ளே கூழாக இருக்கும். கூழைச் சுரண்டி, உறுதியான வெள்ளைச் சதை வரும் வரை செதுக்கி வெயிலில் காயவைத்தோம். மூன்று கிழங்குகளுக்குள் இளஞ்சிவப்புப் புழு இருந்தது, என் சுண்டுவிரல் தடிமன். வசந்தத்தில் இலைக்குள் புகுந்து, துளைத்துக்கொண்டே கீழே இறங்கி, ஆடி மாதம் போலக் கிழங்கைக் குடைந்து தின்கிறது. தாய்ப்பூச்சி முட்டையிடுவது இலையுதிர் காலத்தில், காய்ந்த இலைகளில். அதனால் அங்கே குளிர் தொடங்கும்போது காய்ந்த இலைகளை ஒன்று விடாமல் அள்ளி அப்புறப்படுத்துகிறார்கள்.

அழுகலைத் தொட்ட கத்தி அடுத்த கிழங்கைத் தொடக் கூடாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அந்த அம்மா ஒரு குவளையில் வைத்திருந்தார். ஒவ்வொரு வெட்டுக்கும் முக்கி எடுத்தேன். ஒரு மணி நேரத்தில் என் கத்தியில் செம்புள்ளிகள். பிளீச் நோயைக் கொல்லும், இந்த மாதிரி இரும்பையும் தின்னும். குவளை ஆழமாக இருந்ததால் பூண் வரை நனைந்து, மரம் ஊறி, காய்ந்த பிறகு கைப்பிடி ஆடத் தொடங்கியது. அடுத்த நாளில் இருந்து காயத்துக்குத் துடைக்கும் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைத்தேன். அது போதுமானதாக இருந்தது, துருவும் வரவில்லை. துருப்பிடிக்காத எஃகுக் கத்தி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. இந்தக் கத்தியின் பெரிய குறை அதுதான்: வேலை முடிந்ததும் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவாமல் வைக்கவே முடியாது. நம் ஊர் மழைக்காலத்தில் ஒரு ராத்திரி மறந்தால் விடியும்போது சிவந்திருக்கும்.

மொத்தம் 34 துண்டுகள் தேறின. இலையை 15 செ.மீ. விட்டு விசிறி போல வெட்டி, நிழலில் இரண்டு நாள் காயவைத்தோம். நடும்போது ஒரு தகராறு. குழிக்குள் நடுவில் மண்ணைச் சின்ன வரப்பாகக் குவித்து, அதன் மேல் கிழங்கை உட்காரவைத்து, வேர்களை இரண்டு பக்கமும் சரித்து மண் மூடுகிறார்கள். கிழங்கின் முதுகு வெளியே வெயிலைப் பார்த்துக் கிடக்க வேண்டும். எனக்கு மனம் கேட்கவில்லை. மஞ்சளையும் இஞ்சியையும் மூடி, மேலே இலைதழை போர்த்திப் பழகியவள் நான். அந்த அம்மா உள்ளே போன நேரம் பார்த்து எல்லாவற்றையும் மண்ணால் மூடி, வெட்டிய புல்லையும் பரப்பிவிட்டேன். திரும்பி வந்தவர் ஒன்றும் பேசாமல் மண்டியிட்டு, ஒவ்வொரு கிழங்காக விரலால் மண்ணை விலக்கினார். மூடினால் அழுகும், வெயில் படாவிட்டால் பூக்காது என்று மகள் பிறகு சொன்னாள். எண்பது வயதுப் பெண்ணை முழங்காலில் நிற்கவைத்துவிட்டேனே என்று அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்டோபரில் நான் ஊர் திரும்பினேன். கிழங்கில் ஒன்றாவது கொண்டுவர ஆசை இருந்தது, கொண்டுவரவில்லை. அனுமதிச் சீட்டு இல்லாமல் செடி கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தாலும் அதற்குக் குளிர்காலம் வேண்டும், இரண்டு மழையும் வெயிலும் மட்டும் உள்ள நம் மாவட்டத்தில் அது பூக்காது. மண் உறைந்த பிறகு மகள் பைன் கிளைகளை மேலே போட்டு மூடினாள். மண் உறைவதும் இளகுவதுமாக இருந்தால், வேர் பிடிக்காத புதுக்கிழங்கை அது மேலே தள்ளிவிடுமாம். அப்படியும் மூன்று வெளியே வந்து செத்தன. இந்த ஜூனில் 19 பூத்தன. கைபேசியில் காட்டினாள், ஒரு காலத்தில் ஐந்து தண்டு நின்ற இடம் அது.

கத்தியோடு பட்டறைக்குப் போனேன். ஆடுகிற கைப்பிடியைப் பார்த்துக் கோபப்பட்டார். மரத்தை இப்படி ஊறவைக்கலாமா என்று கேட்டுக்கொண்டே பழைய அரக்கைச் சுட்டு எடுத்துப் புதிதாக இறக்கிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்தார். கூர் தீட்டுவதை மட்டும் அவர் செய்யவில்லை. கூர் தீட்ட வெங்கச்சங்கல் (வெள்ளைப் படிகக் கல்) பொடி தூவிய பலகையை என் பக்கம் தள்ளி, "உங்களுக்குத் தெரியாததா" என்றார்.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். ஞாயிற்றுக்கிழமை உலை மூட்டமாட்டார். பங்குனி, சித்திரையில் போகாதீர்கள், பால்வெட்டுக்காரர்களுக்குப் பிறகுதான் உங்கள் முறை. சொன்ன நாளில் கிடைக்காது, இரண்டு நாள் கூட்டிக் கணக்கிடுங்கள். தொலைபேசியில் வேலை எடுப்பதில்லை, ஆள் நேரில் போக வேண்டும், எதை வெட்டப் போகிறோம் என்று சரியாகச் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் வெட்டப் போகும் பொருளில் ஒரு துண்டைக் கையில் கொண்டுபோங்கள்.

அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் இதே போல ஒன்று வேண்டுமாம். பட்டறைக்காரரிடம் சொன்னேன். எந்தக் கை என்று கேட்டார். அப்போதுதான் நினைவுக்கு வந்தது, அந்த அம்மா மண்ணை விலக்கியது இடது கையால். மகளிடம் சொல்லி, அவருடைய இடது கையை ஒரு தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் அளவுகோலும் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். படம் வந்ததும் அதே அளவில் வரைந்து எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போக வேண்டும்.